மூக்கு எரிகிறதென்று மெஷினைப் பரணில் ஏற்றலாமா?



இந்த இதழில் வடாமும் இல்லை, வற்றலும் இல்லை. எங்கள் வீட்டுப் படுக்கையறையில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லப் போகிறேன். கூத்து என்று இப்போது சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். நடந்தபோது சிரிப்பு வரவில்லை.

என் வீட்டுக்காரருக்குக் குறட்டை என்றால் அப்படி ஒரு குறட்டை. கல்யாணமான புதிதில் கேலி பேசினோம். பிறகு பழகிப் போயிற்று. ஆனால் இரண்டு வருஷமாக, குறட்டை நடுவில் டக்கென்று நின்று போகும். மூச்சே இருக்காது. நான் இருட்டில் எழுந்து உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். இருபதுகூடத் தாண்டும். அப்புறம் திணறலோடு ஒரு பெருமூச்சு வரும். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வரும்!

டாக்டரிடம் போனோம். ஒரு ராத்திரி முழுக்க உடம்பில் ஒயர்களை ஒட்டித் தூக்கத்தைப் பரிசோதித்தார்கள். மணிக்கு சராசரி 35 தடவை மூச்சு தடைப்படுகிறதாம். இதற்கு 'ஸ்லீப் ஆப்னியா' என்று பெயர். தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துக்கொள்கிறது. அது அடையாமல் இருக்க, மாஸ்க் வழியாகக் காற்றை லேசான அழுத்தத்தில் விடாமல் அனுப்புவதுதான் சிபாப் மெஷின். 1981-ல் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து டாக்டர் காலின் சல்லிவன் கண்டுபிடித்துச் சொன்ன முறை இது.

என் இரண்டு வளையலை அடகு வைத்து மெஷின் வாங்கினோம். முதல் ராத்திரி அறையில் சத்தமே இல்லை. பயந்து போய் மூக்கருகே கை வைத்துப் பார்த்தேன். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். நானும் எத்தனையோ நாளைக்கப்புறம் விடியும் வரை தூங்கினேன்.

என்னுடைய கைங்கரியம்

சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. "மூக்கு எரியுதுடி" என்றார். காலையில் அடுக்குத் தும்மல். பத்து மணி வரை மூக்கு ஒழுகல். ஒருநாள் கைக்குட்டையில் பொட்டு ரத்தம்.

மெஷினோடு ஒரு தண்ணீர் டப்பா உண்டு. அதற்கு 'ஹியூமிடிஃபையர்' என்று பெயர். அடியில் உள்ள தட்டு சூடாகித் தண்ணீரை ஆவியாக்கி, காற்றை ஈரமாக்கி அனுப்பும். ஆனால் மெஷினைக் கொண்டு வந்து பொருத்திய பையன், "சென்னைக் காத்துல இல்லாத ஈரமா? தண்ணியெல்லாம் தேவையில்ல மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனான். நாங்களும் டப்பாவைக் காலியாகவே வைத்திருந்தோம்.

மூக்கு ஒழுகுவதைப் பார்த்து எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சளி! டப்பாவில் குழாய்த் தண்ணீரை ஊற்றி, யூகலிப்டஸ் தைலம் இரண்டு சொட்டு விட்டேன். ஆவி பிடித்தால் சளி போகுமே, ராத்திரி முழுக்க ஆவி பிடித்தால் இன்னும் நல்லதுதானே என்ற புத்திசாலித்தனம். பாதி ராத்திரியில் கண்ணும் மூக்கும் எரிந்து மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தார். "இந்தா, உன் மெஷினை நீயே வெச்சுக்கோ" என்று மறுநாள் அதைப் பரணில் ஏற்றினார். நானும் வாயைத் திறக்கவில்லை. தப்பு என்னுடையதாயிற்றே!

மூன்று வாரம் மெஷின் பரணில் கிடந்தது. நான் பழையபடி இருட்டில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தேன்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெண்ணை ஹாஸ்டலில் பார்க்க பைக்கில் போனோம். மத்தியான வெயில். நேர் ரோடு. வண்டி மெதுவாக இடது பக்கம் ஒதுங்குகிறது. ஏதோ ஓரமாக நிறுத்தப் போகிறார் என்று நினைத்தேன். தலை முன்னால் சாய்ந்ததைப் பார்த்ததும்தான் விளங்கியது. "என்னங்க!" என்று கத்தித் தோளில் அடித்தேன். பிரேக் போட்டார். மைல்கல்லுக்கும் சக்கரத்துக்கும் ஒரு முழம் இருந்திருக்கும். இரண்டு பேரும் புளிய மரத்தடியில் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். "நாளைக்கு டாக்டர்கிட்ட போலாம்" என்று அவரே சொன்னார்.

டாக்டரம்மா சொன்ன பாடம்

காது மூக்கு தொண்டை டாக்டரம்மா நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். தைலத்தைப் பற்றிச் சொன்னபோது மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மூக்கு வெறும் ஓட்டை இல்லைம்மா. வெளிக்காத்தைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடிகட்டி நுரையீரலுக்கு அனுப்புற அடுப்படி மாதிரி. அதுக்குன்னு ஒரு வேகம் உண்டு. மெஷின் ராத்திரி முழுக்க காத்தைத் தள்ளிக்கிட்டே இருக்கும்போது அதால ஈடுகொடுக்க முடியல. உள்தோல் வறண்டு போகுது. வறண்ட தோல் வீங்கும். தன்னைக் காப்பாத்திக்க நீரைச் சுரக்கும். அதனாலதான் அடைப்பும் ஒழுகலும்."

பார்த்தீர்களா? மூக்கு ஒழுகியது ஈரம் அதிகமாகி அல்ல, ஈரம் போதாமல்! என் மாமியார்கூட, "ஏம்மா, ஏற்கெனவே மூக்கு ஒழுகுது, அதுல தண்ணி வேற ஊத்துறியே" என்று கேட்டார். இது நம்மில் பலருக்கு வருகிற சந்தேகம்தான்.

சென்னையில் வெளியே புழுக்கம் என்றாலும், ஏ.சி. போட்டு மூடிய அறையின் காற்று வறண்ட காற்று. ஏ.சி.யிலிருந்து வெளியே சொட்டுகிற தண்ணீரெல்லாம் அறைக் காற்றிலிருந்து பிழிந்த ஈரம்தானே!

எண்ணைத் திருகும் கணக்கு

எங்கள் மெஷினில் ஈரத்துக்கு 1 முதல் 8 வரை எண்கள் இருக்கின்றன. சில மெஷின்களில் 5 வரைதான் இருக்கும். எண் கூடினால் ஈரம் கூடும். 3-ல் ஆரம்பித்து, ஒரு தடவைக்கு ஒரு எண் மட்டும் கூட்டி, இரண்டு மூன்று ராத்திரி பார்த்த பிறகே அடுத்ததற்குப் போகச் சொன்னார்கள். காற்றின் அழுத்தம் வேறு, ஈரம் வேறு. அழுத்தத்தை டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது. ஈரத்தை நாமே மாற்றிக்கொள்ளலாம்.

நான் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டேன். தேதி, ஈர எண், ஏ.சி. எத்தனை டிகிரி, காலையில் மூக்கு எப்படி, வாய் எப்படி. அவ்வளவுதான்.

3-ல் எரிச்சல் குறைந்தது. 4-ல் தும்மல் நின்றது. ஆசை யாரை விட்டது? ஒரே தாவாக 6-க்குப் போனார். அன்றைக்கு ராத்திரி குழாயில் குபுகுபுவென்று சத்தம். ஜில்லென்ற தண்ணீர் மூக்கில் தெறித்து அலறிக்கொண்டு எழுந்தார்! சூடான ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் பட்டால் துளித்துளியாகத் திரளும். கொதிக்கிற குழம்பின் மூடியில் வேர்க்குமே, அதே சமாசாரம்தான்.

இதற்கு நாங்கள் செய்தவை:

ஏ.சி.யை 20-லிருந்து 26-க்கு உயர்த்தினோம். குளிர்காற்று நேரே குழாயில் படாதபடி கட்டிலைத் தள்ளிப் போட்டோம்.

மெஷினைத் தலைமாட்டு அலமாரியிலிருந்து இறக்கிக் கட்டிலைவிடத் தாழ்வான முக்காலியில் வைத்தோம். குழாயில் தண்ணீர் சேர்ந்தாலும் முகத்துக்கு வராமல் கீழே வழிந்துவிடும்.

பழைய பருத்திப் புடவையை இரண்டு மடிப்பாக மடித்து, நீள உறையாகத் தைத்துக் குழாய்க்குப் போட்டேன். தலையணை உறை தைக்கத் தெரிந்தவர்களுக்கு அரை மணி வேலை. குழாயே சூடாகிற மாதிரியும் கடையில் கிடைக்கிறது. அது எல்லா மெஷினுக்கும் பொருந்தாது, கேட்டு வாங்குங்கள்.

எண்ணையும் 4-க்கே இறக்கினோம்.

சுருக்கமாக நினைவில் வையுங்கள். எரிச்சல், தும்மல், பொருக்கு, ரத்தப் பொட்டு என்றால் ஈரம் போதவில்லை, ஒரு எண் கூட்டுங்கள். குழாயில் சத்தம், மாஸ்க்கில் தண்ணீர், முகத்தில் ஈரம் என்றால் ஒரு எண் குறையுங்கள், அல்லது குழாயைக் குளிரிலிருந்து காப்பாற்றுங்கள்.

நோட்டு காட்டிக்கொடுத்தது

மறுபடி டாக்டரம்மாவிடம் போனபோது நோட்டையும் எடுத்துப் போனேன். புரட்டிப் பார்த்தவர், "மூக்கு சரியாயிடுச்சு. ஆனா தினம் 'வாய் வறட்சி'ன்னு எழுதியிருக்கீங்களே?" என்று கேட்டார். எந்த எண்ணாக இருந்தாலும் அந்தப் பத்தியில் மட்டும் மாற்றமே இல்லை. எழுதிய எனக்கு அது படவில்லை!

தூக்கத்தில் வாய் திறந்துகொள்கிறதாம். மூக்கு வழியாகப் போன காற்று வாய் வழியாக ஓடிவிடுகிறது. சாதாரணமாக நாம் மூக்கால் மூச்சு விடும்போது, உள்ளேயிருந்து வரும் ஈரத்தில் கொஞ்சம் மூக்குக்கே திரும்பக் கிடைக்கும். வாயால் ஓடினால் அது கிடைக்காது. மூக்கு மேலும் வறளும், வறண்டால் அடைக்கும், அடைத்தால் வாய் இன்னும் திறக்கும். ஈரத்தை எத்தனை கூட்டினாலும் இந்தச் சுற்று நிற்காது.

முதலில் மூக்கடைப்புக்கு ஸ்ப்ரே கொடுத்துச் சரி செய்தார். பிறகு தாடையைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை ஒன்று போடச் சொன்னார். அதுவே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. சிலருக்கு வாயையும் மூக்கையும் சேர்த்து மூடும் மாஸ்க் தேவைப்படும். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வீட்டு நிர்வாகம் நம் கையில்

டப்பாவுக்கு டிஸ்டில்டு வாட்டர்தான் ஏற்றது. மருந்துக் கடையில் கேளுங்கள். பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் வேண்டாம். போர் தண்ணீர் ஊற்றினால், வெந்நீர் அண்டாவில் படிகிற மாதிரி வெள்ளையாக உப்பு படியும். வெளியூரில் ஒரு ராத்திரி கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய தண்ணீர். வீடு திரும்பியதும் டப்பாவை நன்றாகக் கழுவிவிடுங்கள்.

மீந்த தண்ணீரைத் தினமும் காலையில் கொட்டி, டப்பாவை அலசிக் கவிழ்த்து வையுங்கள். பழைய தண்ணீர்மேல் புதுத் தண்ணீர் ஊற்றாதீர்கள், கிருமி வளரும். வாரம் ஒருமுறை மாஸ்க், குழாய், டப்பா மூன்றையும் வெதுவெதுப்பான தண்ணீரில் வாசனையில்லாத சோப்பு கரைத்துக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். சோப்பு மிச்சம் இருந்தாலும் மூக்கு எரியும்.

தைலம், கற்பூரம், வாசனை எண்ணெய் எதையும் டப்பாவில் விடாதீர்கள். அனுபவித்தவள் சொல்கிறேன்! மூக்கு வறட்சிக்கு நெய், தேங்காய் எண்ணெய், வாஸ்லைன் தடவுகிற பழக்கமும் இங்கே உதவாது. காற்றோடு எண்ணெய் நுரையீரலுக்குள் போகலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புநீர் ஸ்ப்ரே படுக்கும் முன் இரண்டு மூக்கிலும் அடித்துக்கொண்டால் இதமாக இருக்கும். அடைப்பை உடனே திறக்கிற சொட்டு மருந்தை நாமாக வாங்கி நாள் கணக்கில் போடக் கூடாது. பிறகு அது இல்லாவிட்டாலே அடைத்துக்கொள்ளும்.

மெஷின் பக்கத்தில் கொசுவர்த்தி, ஊதுவத்தி, சாம்பிராணி வேண்டாம். அத்தனை புகையையும் அது இழுத்து மூக்குக்குள் அனுப்பும். பின்பக்கத்து ஃபில்டரை வாரா வாரம் பாருங்கள். கறுத்திருந்தால் மாற்றுங்கள்.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது ஈர எண்ணைக் குறைத்தால் பேட்டரி அதிக நேரம் வரும். தண்ணீரைச் சூடாக்கத்தான் கரண்ட் அதிகம் இழுக்கிறது. டப்பாவில் தண்ணீரோடு மெஷினைத் தூக்கவோ சாய்க்கவோ கூடாது. உள்ளே தண்ணீர் இறங்கினால் மெஷின் கெட்டுவிடும்.

இத்தனை செய்தும் ரத்தம் வந்துகொண்டேயிருந்தால், ஜுரம் இருந்தால், ஒரு பக்க மூக்கு மட்டும் எப்போதும் அடைத்திருந்தால், கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

சகோதரிகளே, குறட்டை ஆண்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். மாதவிலக்கு நின்ற பிறகு நம்மில் பலருக்கும் இது வருகிறது. கர்ப்பமாக இருக்கும்போது புதிதாகக் குறட்டை வந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். "வெளியில சொல்ல வெக்கமா இருக்கு" என்று மூடி வைக்காதீர்கள்.

மார்கழி வந்தது. ஏ.சி. நின்றது. ஜன்னலைத் திறந்து வைத்தோம். ஒருநாள் அவரே, "குழாயில லேசா வேர்க்குது, 3-க்குக் குறைச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு, பால் கணக்கு நோட்டில் தன் கையாலேயே எழுதி வைத்தார். நான் எண்ணுவதை விட்டு ஆறு மாதமாகிவிட்டது. அந்த எண்ணிக்கையை இப்போது அவர் பார்த்துக்கொள்கிறார்!

உங்கள் வீட்டிலும் ஒரு மெஷின் பரணில் தூங்கினால், இன்றைக்கே இறக்கித் துடைத்து வையுங்கள். பிறகு வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் கிளம்புங்கள். அனுபவத்தை எனக்கும் எழுதுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.