சிவப்பு மை சொல்லும் பாடம்

கணிப்பொறி பொய் சொல்லுமா? சொல்லாது. ஆனால் உண்மையை உரைக்கும் அதே குரலில் பிழையையும் உரைக்கும். கேட்பவருக்கு வேறுபாடு தெரியாது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

நம் புதுச்சேரியின் நில ஆவணங்கள் ‘நிலமகள்’ என்னும் திட்டத்தின் வாயிலாகக் கணிப்பொறியில் ஏறிவிட்டன. பாகூர் ஏரியையும் ஊசுட்டேரியையும் நம்பிப் பயிரிடும் உழவருக்குப் பட்டா என்பது முன்பு பேரேட்டில் ஒரு வரி. இன்று தரவுத்தளத்தில் ஒரு வரி. பேரேட்டில் திருத்துபவர் பழைய எழுத்தைச் சுரண்டக் கூடாது. சிவப்பு மையால் கோடிட்டு, புதியதை மேலே எழுதி, தேதியுடன் சுருக்கொப்பம் இடவேண்டும். யார் மாற்றினார், எதை மாற்றினார் என்பதற்கு அந்தத் தாளே சாட்சி. தரவுத்தளத்திலோ ஒரே ‘அப்டேட்’ கட்டளையில் பழைய பெயர் மறைந்துவிடும். முன்னேற்பாடு இல்லையேல் சுவடும் இராது. நிபந்தனையை எழுத மறந்தால் அட்டவணையில் உள்ள அனைவருக்கும் ஒரே பெயர் வந்துவிடும்!

ஆய்வகத்தில் நாம் பழகிய வழி என்ன? எடிட்டரைத் திற, ஒரு வரியை மாற்று, ஓட்டிப் பார். சரிவராவிட்டால் இன்னொரு வரியை மாற்று. ‘வி.எஸ். கோட்’ போன்ற எடிட்டர்கள் தொலைவிலுள்ள சர்வரின் கோப்பையே நம் மேசையில் திறந்து தருகின்றன. வசதிதான். ஆனால் மக்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் நிரலில் இப்பழக்கம் என்ன செய்யும்?

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர், துணைச் சர்வர் என்றெண்ணி முதன்மைச் சர்வரின் தரவுகளை அழித்துவிட்டார். ஏறத்தாழ 300 ஜிபி! வழக்கமான பேக்கப் வேலை செய்யவில்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது. ஆறு மணி நேரத்துக்கு முந்தைய நகல் ஒன்றே கைகொடுத்தது.

அங்கே அழிந்தது தரவு. பிரிட்டனில் அழிந்ததோ மனிதரின் மானம். 1999 முதல் அஞ்சலகங்களில் புகுத்தப்பட்ட ‘ஹொரைசன்’ கணக்கு முறை, இல்லாத பணக் குறைவைத் திரையில் காட்டியது. கிளை நடத்தியவர்களைத் திருடர் என்றனர். 900க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். அம்முறையில் பிழைகள் இருந்ததையும், கிளையார் அறியாமலே அவர்கள் கணக்கை வெளியிலிருந்து மாற்ற முடிந்ததையும் 2019இல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2024இல் சட்டம் இயற்றித் தண்டனைகளை நீக்க வேண்டியதாயிற்று.

ஆகவே, ஓடும் நிரலில் நேரே கை வைக்கலாகாது. நகலில் அதே பிழையை வரவழைத்துப் பார்க்க வேண்டும். லாக் பதிவைப் படித்த பிறகே காரணம் சொல்ல வேண்டும். எத்தனை வரிகள் மாறின என்று எண்ணிய பிறகே மாற்றத்தை உறுதி செய்ய வேண்டும். ஒவ்வொரு திருத்தத்தையும் காரணத்தோடு ‘கிட்’டில் பதிய வேண்டும். பேக்கப்பை எடுத்தால் மட்டும் போதாது. மீட்டும் பார்க்க வேண்டும்.

“ஊரார் வரிசையில் நிற்கிறார்கள், இதற்கெல்லாம் நேரமேது?” என்பர் சிலர். வரிசையில் நிற்பவர் ஒரு நாள் பொறுப்பார். தம் பெயரை இழந்தவர் எத்தனை நாள் அலைவார்?

செய்முறைத் தேர்வில் விடைக்கு மட்டுமன்றி, பிழையைக் கண்ட வழிக்கும் மதிப்பெண் தரவேண்டும் என்பது என் கோரிக்கை. நாளை நம்மில் சிலர் இத்தகைய தரவுத்தளங்களின் முன் அமர்வோம். திரைக்கு அப்பால் நிற்பவர் நம் ஊர்க்காரராகவே இருப்பார். அவரிடம் சிவப்பு மையின் நேர்மையோடு நடந்துகொள்ள இன்றே பழகுவோம்!

— பி.எஸ்ஸி., இரண்டாம் ஆண்டு