வெளிச்சத்தின் விலை யார் தலையில்?

2023 ஏப்ரல் 15ஆம் நாள் ஜேர்மனியின் கடைசி மூன்று அணுமின் உலைகளும் நிறுத்தப்பட்டன. எம்மவர் ஆயிரக்கணக்கில் தஞ்சம் புகுந்து, உழைத்து, பிள்ளைகளை வளர்த்தெடுத்த நாடு அது. அந்த முடிவு சரியா, பிழையா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. இது வல்லுநர்களின் விவகாரம், எமக்கென்ன என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 1990இல் மின்சாரம் துண்டிக்கப்பட்டபின் யாழ். குடாநாட்டில் ஜாம்போத்தல் விளக்கொளியில் படித்த ஒரு தலைமுறை எம்மிடையே வாழ்கிறது. மின்சாரத்தின் அருமையை எவரும் எமக்குப் போதிக்க வேண்டியதில்லை.

அணுசக்தி குறித்த அச்சம் ஆதாரமற்றதன்று. 1986இல் செர்னோபிலில் வெடித்த உலையின் கதிர்வீச்சுத் துகள்கள் மழையோடு பவேரியாவிலும் விழுந்தன. 2011இல் ஜப்பானின் புக்குஷிமா விபத்தையடுத்து ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுவாசலை விட்டு வெளியேற நேர்ந்தது. கதவைப் பூட்டிவிட்டு, திரும்பும் நாள் தெரியாமல் புறப்படுவது என்னவென்பதை நாம் அறிவோம். உலைகளை மூடினாலும் கழிவு மூடப்படுவதில்லை. அதனைப் பத்து இலட்சம் ஆண்டுகள் பாதுகாக்கத்தக்க நிலத்தடி இடமொன்றை ஜேர்மனி இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் நிலக்கரியின் கணக்கையும் நாம் பார்க்க வேண்டும். ஐ.நா.வின் காலநிலை விஞ்ஞானிகள் குழு 2014இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஓர் அலகு மின்சாரத்துக்கு நிலக்கரி 820 கிராம் அளவிலும், எரிவாயு 490 கிராம் அளவிலும் காபனீரொட்சைட்டுக்கு நிகரான வாயுக்களை வெளியிடுகிறது. அணுசக்திக்கும் காற்றாலைக்கும் அது ஏறத்தாழ 12 கிராம் மட்டுமே. பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களுக்காகக் கிழக்கு ஜேர்மனியின் லவுசிட்ஸ் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்கள் அழிக்கப்பட்டன. அவற்றுட் பல, சோர்பியர் என்னும் சிறுபான்மை மொழியினரின் வாழிடங்கள். மேற்கிலே, லுட்செராத் என்னும் சிற்றூரைக் காக்க அங்கு தங்கியிருந்தவர்களைக் காவற்துறை அப்புறப்படுத்தியது 2023 ஜனவரியில். அதன்பின் மூன்று மாதங்களில் அணு உலைகள் நிறுத்தப்பட்டன.

இந்த வரிசைமுறைதான் பிழை என்பது எமது கருத்து. 2020ஆம் ஆண்டுச் சட்டம் நிலக்கரிக்கு 2038 வரை அவகாசம் அளித்தது. அணு உலைகளோ அதற்கு முன்பே மூடப்பட்டன. இடைவெளியை நிரப்ப மலிவான ரஷ்ய எரிவாயு உண்டென்று நம்பியிருந்தார்கள். 2022இல் உக்ரேன் மீது ரஷ்யா படையெடுத்தபோது அந்த நம்பிக்கை தகர்ந்தது. அதன் சுமை வீட்டு வாடகையோடு வந்த வெப்பமூட்டற் கணக்கில் ஏறியது. குறைந்த வருமானத்தில் வாழும் குடும்பங்களே அதிகம் துன்புற்றன.

அதற்காக, புதிய அணு உலைகளே தீர்வென்று கூறுவோருடனும் நாம் உடன்படவில்லை. பிரான்சின் பிளமான்வில் உலையின் கட்டுமானம் 2007இல் தொடங்கியது. 2012இல் முடியவேண்டிய அவ்வுலை 2024 டிசம்பரிலேயே மின்வலையமைப்புடன் இணைந்தது. செலவு பன்மடங்காயிற்று. இன்றைய தேவைக்கு அத்தனை ஆண்டுகள் காத்திருக்க இயலாது.

எஞ்சியிருப்பது காற்றும் சூரியனும். 2023இல் ஜேர்மனியின் மின்நுகர்விற் பாதிக்கு மேற்பட்டது புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து கிடைத்தது. இது பெருஞ் சாதனையே. எனினும் காற்றும் வெயிலும் எமது கட்டளைக்கு அடங்குவனவல்ல. 2024 டிசம்பரில் காற்று ஓய்ந்து, வெயில் எறிக்காத சில நாட்களில் மின்சாரத்தின் சந்தை விலை பன்மடங்கு உயர்ந்தது. வடகடற் காற்றின் மின்சாரத்தைத் தெற்கிற்குக் கொண்டுசெல்லவேண்டிய பெரும் மின்தடமோ எதிர்ப்புகளாலும் திட்ட மாற்றங்களாலும் பல ஆண்டுகள் பின்தங்கிவிட்டது.

காற்றாலையும் எவரோ ஒருவரின் முற்றத்திலேதான் எழுகிறது. எமது தாயகத்து மன்னார்த் தீவே அதற்குச் சாட்சி. அங்கு ஏற்கனவே முப்பது காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. மேலும் அமைக்க முற்பட்டபோது, தம் நிலமும் தொழிலும் பறிபோகுமென அஞ்சிய மக்கள் 2025இல் வீதியில் இறங்கினர். அவர்கள் காற்றின் எதிரிகளல்லர். தம்மைக் கேளாமல் தம் மண்ணில் முடிவெடுப்பதையே எதிர்த்தனர்.

ஆகவே, எந்த எரிபொருள் தூயது என்ற கேள்வியோடு நின்றுவிடலாகாது. அதன் விலையை யார் செலுத்துகிறார், அவரிடம் கேட்கப்பட்டதா என்பதே முதற் கேள்வி. அணுக்கழிவின் விலையை இன்னும் பிறவாதோர் செலுத்துவர். நிலக்கரியின் விலையை ஊரிழந்தோரும் வெள்ளத்தில் மாண்டோரும் செலுத்துகின்றனர். காற்றாலையின் விலை மட்டுமே, கேட்டும் பேசியும் இழப்பீடு கொடுத்தும் நேர்மையாகத் தீர்த்துக்கொள்ளக்கூடியது. அதனாலேயே நாம் அதன் பக்கம் நிற்கிறோம்.

ஜேர்மனியில் வாடகைக்குக் குடியிருப்போர் வீட்டு மாடிமுகப்பில் சிறிய சூரியத் தகடு பொருத்தக் கோரினால், தகுந்த காரணமின்றி வீட்டுரிமையாளர் மறுக்க முடியாதென 2024 ஒக்டோபர் முதல் சட்டம் கூறுகிறது. எம்மவர் இதனை அறிந்து பயன்படுத்த வேண்டும். வாக்குரிமை பெற்றோர் வேட்பாளர்களிடம் இக்கேள்விகளை எழுப்பவும் வேண்டும். எம்மைக் கேளாமல் எடுக்கப்பட்ட முடிவுகளால் ஊரிழந்தவர்கள் நாம். பிறர் ஊரிழக்கும் முடிவுகளுக்கு எமது மௌனம் துணைபோகலாகாது.