அது ஒண்ணும் பண்ணாது

நாய் வளர்ப்பவர்கள் எல்லோரிடமும் ஒரு வாக்கியம் இருக்கிறது. "பயப்படாதீங்க, அது ஒண்ணும் பண்ணாது." சின்ன வயதில் எங்கள் தெருவில் தமிழில் கேட்டேன். இப்போது மின்னியாபொலிஸ் பூங்காக்களில் ஆங்கிலத்தில் கேட்கிறேன். சொல்பவர் முகத்தில் இரண்டு இடத்திலும் ஒரே பெருமை. நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். இந்தக் கட்டுரை அந்த வாக்கியத்துக்கு எதிரானது. ஆகவே எனக்கும் எதிரானது.

ஏரிக்கரையில் ஒரு கூடாரம், பக்கத்தில் நெருப்பு, கயிறில்லாமல் பாறைமேல் படுத்து சூரியன் மறைவதைப் பார்க்கும் நாய். இன்ஸ்டாகிராமில் இந்தப் படத்துக்கு லைக் போடாதவர் யார்? ஆனால் படத்தைப் பார்த்துவிட்டு அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் விதிகளைப் படித்தால் எரிச்சல் வரும். கயிறு ஆறு அடிக்கு மேல் இருக்கக்கூடாது. நாயை மரத்தில் கட்டிவிட்டு நீங்கள் பாட்டுக்குப் போகக்கூடாது. பல பூங்காக்களில் நடைபாதைகளில் நாய்க்கு அனுமதியே கிடையாது. நாயோடு வரலாம் என்று சொல்லிவிட்டு இதென்ன வரவேற்பு, விதிகளைத் தளர்த்துங்கள் என்று கேட்பவர்கள் நிறைய. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். இப்போது இல்லை. அந்த ஆறு அடி சரியானது என்கிறேன். சில இடங்களில் அதுகூட அதிகம் என்கிறேன்.

எங்கள் நாயின் பெயர் மணி. காப்பகத்திலிருந்து எடுத்து வந்த கலப்பினம். ஊரில் பாதி நாய்களுக்கு அதுதானே பெயர், இதற்கும் இருக்கட்டும் என்று வைத்தோம். நான் வளர்ந்த தெருவில் நாயைக் கட்டிப்போடுவது கொடுமை. நாய் என்றால் ஓடும், திரியும், சாப்பாட்டு நேரத்துக்கு வரும். அமெரிக்கா வந்து இத்தனை வருஷம் ஆகியும், மணியின் கழுத்தில் கயிறு மாட்டும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு மன்னிப்பு கேட்டுக்கொள்வேன்.

மினசோட்டாவின் வட எல்லையில், கனடாவை ஒட்டி, வாயஜர்ஸ் தேசியப் பூங்கா இருக்கிறது. 1975-இல் உருவானது. பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர்தான். கூடாரம் போடும் இடங்களுக்குப் படகில்தான் போக வேண்டும். மேசை, நெருப்பு மூட்ட ஒரு வளையம், கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டி, கண்ணுக்கெட்டிய வரை ஏரி. நாயோடு போகிறவர்களுக்கு இதைவிடத் தாராளமான தேசியப் பூங்கா குறைவு. ரெய்னி, கபெடோகாமா, நமக்கன், சாண்ட் பாயின்ட் என்ற நான்கு பெரிய ஏரிகளின் முகாம்களில் நாய் தங்கலாம். உள்காட்டுச் சிற்றேரிகளுக்கு மட்டும் கூட்டிப்போகக் கூடாது. முகாமிலும் அதே ஆறு அடிக் கயிறு.

ஒரு ஜூன் மாதம் கபெடோகாமாவில் முகாம். சாயங்காலம். சுற்றிலும் மனித வாடையே இல்லை. யாருக்குத் தெரியப்போகிறது? கயிற்றை அவிழ்த்துவிட்டேன். மணி கரையோரமாக ஓடினான். அவன் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. வீடியோகூட எடுத்தேன். ஒரு பாறையைத் தாண்டினதும் ஒரு அலறல். பெரிய பறவை ஒன்று கரையிலிருந்து சரிந்து தண்ணீருக்குள் விழுந்தது. கறுப்புத் தலை, கட்டம் போட்ட முதுகு, சிவந்த கண். லூன். மினசோட்டாவின் மாநிலப் பறவை.

லூனுக்குக் கால்கள் உடம்பின் கடைசியில் இருக்கும். தண்ணீருக்குள் அது ராஜா. தரையில் சரியாக நடக்கக்கூட வராது. அதனால் தண்ணீரை ஒட்டியே கூடு வைக்கும், வழக்கமாக இரண்டு முட்டை. நான் போய் நின்றபோது அந்த இரண்டும் திறந்து கிடந்தன. பழுப்பு நிறம், கரும்புள்ளிகள்.

மணி ஒண்ணும் பண்ணவில்லை. சத்தியமாக. முட்டையை மோந்துகூடப் பார்க்கவில்லை. கூப்பிட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஓடினோம், ஒரு பறவை இருந்தது, அவ்வளவுதான். முகாமுக்குத் திரும்பி பைனாகுலரில் பார்த்துக்கொண்டே இருந்தேன். பறவை தூரத்தில் வட்டமடித்தது. இருட்டும் வரை கரைக்கு வந்த மாதிரித் தெரியவில்லை. சூடில்லாமல் முட்டை எவ்வளவு நேரம் தாங்கும்? மேலே கழுகுகளும் கடற்புறாக்களும் திரிகிற ஏரி அது. மறுநாள் காலை போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது. போகவில்லை. போய்ப் பார்ப்பது இன்னொரு தொந்தரவு. அந்தப் பறவை திரும்பி வந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

"அது ஒண்ணும் பண்ணாது" என்பது பல நேரம் உண்மையான வாக்கியம். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. நாம் நாயின் குணத்தைப் பற்றிப் பேசுகிறோம். காட்டுக்கு அதன் குணம் தெரியாது. லூனுக்குத் தெரிந்தது நாலு கால், வேகம், பல். அது ஓடத்தான் செய்யும்.

ஒரு பறவை, இரண்டு முட்டை, இதற்கா இத்தனை புலம்பல் என்பவர்களுக்கு இன்னொரு ஏரிக் கதை இருக்கிறது. சுப்பீரியர் ஏரிக்கு நடுவே ஐல் ராயல் என்று ஒரு தீவு. அதுவும் தேசியப் பூங்காதான். 1940-களின் இறுதியில் உறைந்த ஏரிமேல் நடந்து ஓநாய்கள் அங்கே வந்து சேர்ந்தன. தீவில் ஏற்கெனவே மூஸ் மான்கள் இருந்தன. 1958-இல் இந்த இரண்டையும் கணக்கெடுக்கத் தொடங்கிய ஆய்வு இன்றும் நடக்கிறது. 1980-இல் ஓநாய்கள் 50. 1982-இல் 14. நடுவில் வந்தது பார்வோ வைரஸ். 1978 வாக்கில்தான் உலகமே அறிந்த நாய்க் கிருமி அது. யாரோ கூட்டிவந்த நாய் வழியாகத் தீவுக்குள் நுழைந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் சொல்வது.

அந்த ஆள் எப்படிப்பட்டவராக இருந்திருப்பார்? கொடூரன் எல்லாம் இல்லை. என்னை மாதிரி ஒருவர். நாயைத் தனியே விட்டுவர மனசில்லாதவர். அந்த நாயும் யாரையும் கடித்திருக்காது. கரையில் இறங்கி, ஒரு மரத்தடியில் மலம் கழித்துவிட்டுப் படகேறியிருக்கும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும்.

அதன்பின் அந்த ஓநாய்கள் 50-ஐத் தொடவே இல்லை. நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்ந்ததும், ஏரி உறைவது குறைந்து புது ஓநாய்கள் வராததும் பின்னால் சேர்ந்த காரணங்கள். எல்லாப் பழியையும் நாய் தலையில் போட முடியாது. ஆனால் முதல் அடி அதுதான். 2016-இல் மிஞ்சியது இரண்டே ஓநாய்கள், ஒரு அப்பாவும் மகளும். மூஸ்கள் பெருகி இரண்டாயிரத்தை எட்டி, இளம் மரங்களை மேய்ந்து தீர்த்தன. 2018-இலும் 2019-இலும் 19 ஓநாய்களை வெளியிலிருந்து கொண்டுவந்து விட வேண்டியிருந்தது. இன்று ஐல் ராயலில் செல்லப் பிராணிகளுக்குத் தடை. கரையிலிருந்து நாலரை மைல் வரை தண்ணீரும் பூங்காவின் எல்லை, அதற்குள் படகிலேயே உட்கார்ந்திருக்கும் நாய்க்கும் தடை.

தடுப்பூசி போட்டிருக்கிறேனே என்பீர்கள். தெரிந்த நோய்களுக்குத்தான் ஊசி இருக்கிறது. பார்வோவும் ஒரு காலத்தில் தெரியாத நோய்தான்.

நாயும் இயற்கைதானே என்று கேட்பவர்களுக்கு: மணி காலையில் பாக்கெட் உணவும் மாலையில் சிக்கனும் சாப்பிடுகிறான். தும்மினால் டாக்டர். ஓநாய்க்கு நாலு வேட்டை தவறினால் பட்டினி. நாய் நம் வீட்டின் நீட்சி. காட்டுக்குள் அது நம் கையைப்போல. நம் கை செய்ததற்கு நாம்தான் பொறுப்பு.

மோட்டார் படகு விடுகிறார்கள், மனிதன் போடாத குப்பையா, என் நாய் மட்டும்தான் கண்ணை உறுத்துகிறதா? இது நியாயமான கேள்வி. பதில், மனிதனையும் கட்டுப்படுத்துங்கள் என்பதுதான். அவன் கெடுத்தான், அதனால் நானும் கெடுப்பேன் என்பதைச் சின்ன வயதிலேயே வாத்தியார் ஏற்றுக்கொண்டதில்லை.

சிலர் இணையத்தில் ஒரு அங்கி வாங்கி மாட்டிவிட்டு, இது மன ஆறுதலுக்கான நாய் என்று எல்லா இடத்துக்கும் கூட்டிவருகிறார்கள். அமெரிக்கச் சட்டப்படி ஆறுதல் நாய் வேறு, பார்வையற்றவருக்கு வழிகாட்டப் பழகிய சேவை நாய் வேறு. இந்தப் பொய்யின் செலவை அந்தப் பார்வையற்றவர்தான் தருகிறார். அடுத்த வாசலில் சந்தேகத்தோடு நிறுத்தப்படுவது அவருடைய நாய்.

என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவருக்கு சர்வரில் அனுமதி கொடுக்கும்போது ஆள் நல்லவரா என்று மட்டும் பார்ப்பதில்லை. கை தவறினால் எவ்வளவு சேதம், திரும்பச் சரிசெய்ய முடியுமா என்று பார்ப்போம். நல்லவர்கள்தான் டேட்டாபேஸை அழிக்கிறார்கள், பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலை. எங்களுக்காவது பேக்கப் இருக்கிறது. லூன் முட்டைக்கு எங்கே பேக்கப்?

கயிறு காட்டுக்காக மட்டும் இல்லை. கரடியைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே ஓடும் நாய், கரடி திரும்பினதும் எங்கே ஓடிவரும்? உங்களிடம்தான். 1981-இல் யெல்லோஸ்டோனில் வண்டியிலிருந்து தப்பிய ஒரு நாய் வெந்நீர் ஊற்றுக்குள் குதித்தது. அதைக் காப்பாற்ற நண்பனின் நாயென்று பின்னாலேயே குதித்தவருக்கு 24 வயது. இருவரும் பிழைக்கவில்லை. அன்பில் குறையே இல்லை. கயிறுதான் இல்லை.

வாயஜர்ஸின் நாலு ஏரி நமக்குக் கிடைத்திருப்பது உரிமையால் அல்ல, நம்பிக்கையால். நாம் ஒவ்வொருவரும் 'யாருக்குத் தெரியப்போகிறது' என்று அவிழ்த்துவிட்டால் அந்த நாலு ஏரிக்கும் ஐல் ராயலின் பலகை வரும். அன்றைக்கு அதை எதிர்த்துக் கையெழுத்து வேட்டை நடத்த நமக்கு முகம் இருக்காது.

நாங்கள் இப்போதும் போகிறோம். மணியின் சாப்பாடும் தட்டும் இரவில் இரும்புப் பெட்டிக்குள். அவன் போனதெல்லாம் பையில் கட்டி வீட்டுக்கு. கயிற்றின் மறுமுனை என் மணிக்கட்டில். ராத்திரியில் லூன் ஏரிக்கு நடுவிலிருந்து நீளமாகக் கூப்பிடும். மணி தலையைத் தூக்கிப் பார்ப்பான், எழுந்து இரண்டடி வைப்பான், கயிறு இழுக்கும். திரும்பி என் காலடியில் படுத்துக்கொள்வான். முன்பெல்லாம் அந்த நேரத்தில் அவனிடம் மன்னிப்பு கேட்பேன். இப்போது கேட்பதில்லை. அந்த வீடியோவையும் அழித்துவிட்டேன்.