கொலுசைக் கரைத்துக் குடிக்கலாமா?

போன மாதம் சிறுமுகைப் பக்கத்து வாழைத்தோப்புக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். மேட்டுப்பாளையத்தில் முப்பது வருடமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன் நான். அவர் வீட்டுக் கிணற்று மோட்டார் மூன்று தடவை என் கையில் பிரிந்து சேர்ந்திருக்கிறது. அன்றைக்கு மோட்டார் வரவில்லை, கையில் ஒரு மஞ்சப்பை மட்டும்.

"தம்பி, 27 வோல்ட்டு டிசி வர்ற மாதிரி ஒரு எலிமினேட்டர் பண்ணிக் குடு."

"எதுக்குங்ணா?"

"வெள்ளித் தண்ணி போடறதுக்கு."

பையிலிருந்து பேத்தியின் பழைய கொலுசு ஒரு ஜோடி வெளியே வந்தது. செல்போனில் யாரோ செய்து காட்டியிருக்கிறார்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு வெள்ளிக் கம்பி, மூன்று ஒன்பது வோல்ட் பேட்டரி, ஒரு மணி நேரம். சளி, வயிற்றுப் பூச்சி, ஆறாத சர்க்கரைப் புண் எல்லாவற்றுக்கும் மருந்து தயாராம். பேட்டரி வாங்கிக் கட்டுப்படியாகாது என்றுதான் என்னிடம் வந்திருக்கிறார்.

வாயால் வேண்டாம் என்றால் கேட்கிற ஆள் இல்லை. பக்கத்து நகைக்கடைத் தராசில் இரண்டு கொலுசையும் தனித்தனியாக எடை போட்டேன். குழாய்த் தண்ணீரை டம்ளரில் பிடித்து, கொலுசுகளை முக்கி, என் பெஞ்ச் சப்ளையில் கிளிப் மாட்டி, 30 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாதபடி திருகி வைத்தேன். பாசிட்டிவ் பக்கத்துக் கொலுசிலிருந்து ஊதுவத்திப் புகை தலைகீழாக இறங்குவது போல வெள்ளையாக ஏதோ இறங்கியது. நெகட்டிவ் பக்கம் பொடிப்பொடியாகக் குமிழி, அதன்மேல் கரி அப்பியது மாதிரி ஒரு பூச்சு. ஒரு மணி நேரம் கழித்துப் பாசிட்டிவ் கொலுசைத் துடைத்து மறுபடி எடை போட்டால் 0.11 கிராம் குறைந்திருந்தது.

இந்தக் குறைவு எங்கள் தொழிலுக்குப் பழைய கணக்கு. 1893-ல் சிகாகோவில் கூடிய மின்சார மாநாடு, ஆம்பியர் என்றால் எவ்வளவு என்பதையே வெள்ளியை வைத்துத்தான் சொன்னது. வெள்ளி நைட்ரேட் கரைசலிலிருந்து நொடிக்கு 1.118 மில்லிகிராம் வெள்ளியைப் படிய வைக்கிற மின்சாரம் ஒரு ஆம்பியர். அந்தக் கணக்கில் 30 மில்லி ஆம்பியருக்கு ஒரு மணி நேரத்தில் 120 மில்லிகிராம் போக வேண்டும். தராசு 110 காட்டியது. கொலுசு சொக்க வெள்ளி இல்லையே. செம்பும் கூடவே கரைந்திருக்கிறது, தண்ணீரில் லேசாகப் பச்சை தெரிந்தது. பொடி வைத்து ஊதிய இடங்களில் வேறு என்ன உலோகம் இருந்ததோ, அதுவும் டம்ளருக்குள்தான்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, ஒரு லிட்டரில் வெள்ளி 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. ஒரு டம்ளருக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கரைந்த 110-ல் கொஞ்சம் எதிர்க் கொலுசில் ஒட்டியிருக்கும், நிறைய அடியில் தங்கியிருக்கும். மிச்சம் எவ்வளவு என்று மீட்டர் வைத்திருக்கிற எனக்கே தெரியாது. பேட்டரியை மாட்டிவிட்டுப் பால் கறக்கப் போகிறவருக்கு எப்படித் தெரியும்?

டம்ளரைக் கடை வாசல் வெயிலில் வைத்தேன். டீ வந்து நாங்கள் குடித்து முடிப்பதற்குள் அந்த வெள்ளைக் கசடு கத்தரிப்பூ நிறமாகி, பிறகு சாம்பலாகிவிட்டது. குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரைடோடு சேர்ந்து வெள்ளி குளோரைடு ஆகியிருக்கிறது. வெளிச்சம் பட்டால் கறுக்கும் சரக்கு. பழைய ஸ்டுடியோக்காரர்கள் போட்டோ கழுவியதும் இந்தக் குணத்தை நம்பித்தான். வெள்ளியை நாள்பட விழுங்கினால் அது தோலுக்கடியில் போய்த் தங்கி, வெயில் பட்டு இதே மாதிரி கறுக்கிறது. ஆர்ஜிரியா என்கிறார்கள். முகமும் நகமும் நீலச் சாம்பலாகிவிடும், குடிப்பதை நிறுத்தினாலும் நிறம் இறங்காது. அமெரிக்காவில் ஸ்டான் ஜோன்ஸ் என்பவர், 2000 பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் நின்று மருந்து கிடைக்காமல் போய்விடும் என்று பயந்து, 1999-ல் வீட்டிலேயே வெள்ளித் தண்ணீர் போட்டுக் குடித்தார். 2002-ல் மொன்டானாவில் செனட் தேர்தலுக்கு நின்றபோது முகம் நீலம் பாரித்திருந்தது. அதே தண்ணீரைக் குடித்த பால் கராசன் என்பவரின் நீல முகத்தை டிவியில் பார்த்து உலகமே சிரித்தது. 1999-லேயே அந்நாட்டு மருந்துத் துறை, வெள்ளித் தண்ணீர் மருந்தாகப் பாதுகாப்பானதென்றோ பலன் தருமென்றோ ஏற்க முடியாது என்று ஆணை போட்டுவிட்டது.

வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பது பொய்யில்லை. வார்னிஷ் அடுப்பில் கை சுட்டால் ஆஸ்பத்திரியில் தடவிவிடும் வெள்ளைக் களிம்பு சில்வர் சல்ஃபாடயசின்தான், என் முழங்கைக்கே தெரியும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப் குழுவினர் நானோ வெள்ளியைக் குடிநீர் வடிகட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். அங்கே வெள்ளி மணிகளுக்குள் பிடித்து வைக்கப்பட்டு, தண்ணீரில் இறங்குவது வரம்புக்குள் நிற்கிறதா என்று அளந்து பார்க்கிறார்கள். சித்த வைத்தியத்தில் வெள்ளிப் பற்பம் உண்டே என்று கேட்பீர்கள். அதற்கும் புடம் உண்டு, அளவு உண்டு, அனுபானம் உண்டு, கடையில் விற்கிற சரக்குக்கு உரிமமும் வேண்டும். டம்ளர் வைத்தியத்தில் இது ஒன்றும் கிடையாது. கோவையில் முலாம் பட்டறைகள் செய்வதும் வெள்ளியை மின்சாரத்தில் கரைக்கிற இதே வேலைதான், ஆனால் அங்கே எவரும் தொட்டித் தண்ணீரை மொண்டு குடிப்பதில்லை.

எங்கள் பக்கம் ஒரு திமிர் உண்டு, நல்ல திமிர். 1937-லேயே ஜி.டி. நாயுடு மோட்டார் செய்த ஊர், எதையும் நாமே பிரித்துப் பூட்டிவிடலாம் என்ற நினைப்பு. அந்த நினைப்பில்தான் என் கடையும் ஓடுகிறது. காயில் எரிந்தால் நான் மறுபடி கட்டித் தருவேன், சிறுநீரகத்துக்கும் தோலுக்கும் அப்படி ஒரு கடை கிடையாது. இன்னும் சில பேர் எலிமினேட்டர்கூட இல்லாமல், ஒரு டையோடும் குண்டு பல்பும் போட்டு நேரே 230 வோல்ட்டில் மாட்டுகிறார்கள். அவர்களுக்கு நீலம் பாரிக்கிற அளவுக்கு நாள் கிடைக்காது.

சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருடச் சட்டமே தடுக்கிறது. மந்திரத் தாயத்து விற்பவனைப் பிடிக்கிற அந்தச் சட்டம், செல்போனில் டம்ளரைத் தூக்கிக் காட்டுகிறவனையும் பிடிக்கட்டும். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு இதில் புதுச் சட்டம் ஏதும் தேவைப்படாது.

அண்ணன் சாம்பல் நிற டம்ளரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சொல்றது செரிதான் தம்பி. ஆனா அவன் மடக்மடக்குனு குடிச்சுக் காட்டறானே?"

"அவன் அன்னிக்குக் குடிச்சதுதானுங்ணா நமக்குத் தெரியும்."

காலில் இருந்த புண்ணைக் காட்டினார். கட்டுத்துணி இரண்டு நாள் பழசு. அரசு ஆஸ்பத்திரிக்கு என் பையனை வண்டியில் கூட அனுப்பினேன். போகும்போது திரும்பி, "அந்த எலிமினேட்டருக்குப் பதிலா, மருந்தடிக்கிற பேட்டரி ஸ்பிரேயருக்கு ஒரு சார்ஜர் பண்ணி வை" என்றார். கொலுசை வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார். ஒன்று கரி அப்பியும் ஒன்று அரித்தும் என் கல்லாவில் கிடக்கிறது.