குமிழி அழகு... குழாய்?



சென்ற கோடை விடுமுறையில் எலக்ட்ரீஷியன் சித்தப்பாவோடு ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனேன். குளியலறையில் காற்றுக் குமிழித் தொட்டி! பட்டனை அழுத்தினால் அடித்துளைகளிலிருந்து குமிழி குமிழியாகக் காற்று வந்து உடம்பைப் பிடித்துவிடுமாம். அன்றைக்கு அதில் அழுக்குத் துணிதான் குவிந்து கிடந்தது. "நாத்தம் தாங்கலை தம்பி, மூணு மாசமா யாரும் இறங்கலை" என்றார் வீட்டம்மா.

'பணக்காரர் சமாச்சாரம், நமக்கென்ன?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அமெரிக்காவில் ஜகுஸி குடும்பம் 1956-இல் ஜே-300 என்ற தொட்டி பம்ப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் தொடக்கமே, மூட்டுவாதத்தால் துடித்த தங்கள் வீட்டுப் பிள்ளை கென்னத்துக்காகச் செய்த ஒரு பம்ப்தான். வலிக்குப் பிறந்த பொருள், தோழர்களே!

அந்த வகை தண்ணீரையே சுழற்றும். காற்றுத் தொட்டியில் ப்ளோயர் காற்றை மட்டும் தள்ளும். ஆனால் நிறுத்தியதும் துளை வழியே ஈரம் உள்ளே இறங்கும். ஆகவே, தண்ணீர் வடிந்தபின் ப்ளோயரைச் சில நிமிடம் ஓட்டி உள்குழாயைக் காயவைக்க வேண்டும். இவர்களோ கரண்டு மிச்சம் என்று மெயினையே அணைத்துவிடுவார்களாம்! போதாக்குறைக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் அதில்தான். ஈரம், எண்ணெய், அழுக்கு மூன்றும் சேர்ந்தால் கிருமிக்குக் கல்யாண விருந்தல்லவா?

மாதம் ஒருமுறை, அதிகம் நுரைக்காத சோப்புத் தூளை வெதுவெதுப்பான நீரில் கலந்து ஓட்டி, நல்ல தண்ணீரில் அலசி, காயவைத்தால் போதும். உப்புக் காரை படிந்தால் வினிகர் போடலாம். ஆனால் ப்ளீச்சிங் கரைசலோடு வினிகர் சேரவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே உலை.

கதை இதோடு முடியவில்லை. ப்ளோயரைப் பார்க்கலாமென்றால் கதவே இல்லை. சுற்றிலும் டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். சிவில் தோழர்களே, கவனியுங்கள்! டைல்ஸை உடைத்துப் பார்த்தால் ப்ளோயர் பெட்டியில் ஈரம். மெக்கானிக்கல் தோழர்களே, கவனியுங்கள்! போர்டில் ஆர்.சி.சி.பி. இல்லை. எலக்ட்ரிகல் தோழர்களே, நாம் என்ன சொல்லப் போகிறோம்? 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை வெட்டிவிடும் சாதனம் அது. தண்ணீருக்குள் ஆள் படுத்திருக்கும் இடத்தில் அது இல்லை!

"இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையேப்பா" என்றார் வீட்டுக்காரர்.

"ஆகுற வரைக்கும் எல்லாருக்கும் அப்படித்தான் சார்" என்ற சித்தப்பா, அதை மாட்டும்வரை ஸ்விட்சைத் தொடவே மறுத்துவிட்டார்.

பொருத்திய அன்று போட்டோ எடுக்கிறோம். பராமரிப்பு என்றால் மட்டும் 'மெக்கானிக் வேலைதானே' என்று முகம் சுளிக்கிறோம். என் கருத்து இதுதான்: பராமரிக்க வழி வைக்காத வேலை, முடியாத வேலை. நாளை சூப்பர்வைசராகக் கையெழுத்துப் போடப்போவது நாம். போடுமுன் ஒரே ஒரு கேள்வி கேட்போம்: "இதைத் திறக்கக் கதவு எங்கேப்பா?"