எல்லை மட்டும் விரிஞ்சா போதுமா? மன்றத்துல நாற்காலியும் கூடணும்!

தோழர்களே,

மாநகராட்சி விரிவாக்கம் பற்றி ஊருக்கு ஊர் பேச்சு நடக்குது. "எங்க ஊராட்சியைச் சேர்க்காதீங்க"ன்னு கலெக்டர் ஆபீஸ் வாசல்ல ஒரு கூட்டம். "எப்பதான் எங்களைச் சேர்ப்பீங்க, ரோடும் தண்ணியும் எப்ப வரும்"னு இன்னொரு கூட்டம். ரெண்டு பக்கத்துலயும் நியாயம் இருக்கு. ஆனால் இந்தச் சத்தத்துக்கு நடுவில் யாரும் கேட்காத ஒரு கேள்வி உண்டு. எல்லை விரியும்போது, மக்கள் பேரைச் சொல்லி மன்றத்தில் உட்காருகிறவர்களின் எண்ணிக்கை எவ்வளவு விரிகிறது?

கணக்கைப் பார்ப்போம்.

2011-இல் மதுரை மாநகராட்சி 52 சதுர கிலோமீட்டரில் இருந்து சுமார் 148 சதுர கிலோமீட்டராக வளர்ந்தது. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. வார்டுகளோ 72-இல் இருந்து 100. கோவை 105 சதுர கிலோமீட்டரில் இருந்து 257 ஆனது. அங்கும் வார்டுகள் 72-இல் இருந்து 100 தான்.

சென்னைக் கதை இன்னும் மோசம். 42 உள்ளாட்சி அமைப்புகளைச் சேர்த்து 174 சதுர கிலோமீட்டரை 426 ஆக்கினார்கள். வார்டுகள் 155-இல் இருந்து 200 ஆனது. கேட்க நல்லாத்தான் இருக்கு. உள்ளே என்ன நடந்தது தெரியுமா? பழைய சென்னையின் 155 வார்டுகளை 107 ஆகச் சுருக்கி, மிச்சம் 93-ஐப் புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்குக் கொடுத்தார்கள். பழைய நகரத்தில் ஏறக்குறைய 30,000 பேருக்கு ஒரு கவுன்சிலர் இருந்த இடத்தில் 43,000 பேருக்கு ஒருவர் என்று ஆனது. சேர்ந்த பகுதியிலோ, அதுவரை ஊருக்கு ஒரு தலைவர், தெருவுக்கு ஒரு மெம்பர் என்று இருந்த 42 மன்றங்கள் ஒரே நாளில் காணாமல் போயின. ஆக, இரண்டு பக்கமும் குரல் குறைந்ததுதான் மிச்சம்.

சரி, குரல் போனாலும் வசதியாவது வந்ததா? அன்று சேர்ந்த மடிப்பாக்கம் மாதிரியான பகுதிகளில் பத்து வருஷம் தாண்டியும் பாதாளச் சாக்கடைக்கு ரோட்டைத் தோண்டிக்கொண்டுதான் இருந்தார்கள். மழை வந்தால் அந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்த மக்களுக்குத் தெரியும், "மாநகராட்சி" என்ற பேர்ப்பலகை மட்டும் சாக்கடை கட்டித் தராது என்று.

2025 ஜனவரியில் மாநில அரசு அதே வேலையைத் தமிழ்நாடு முழுக்க ஆரம்பித்தது. நூற்றுக்கணக்கான ஊராட்சிகளை மாநகராட்சி, நகராட்சிகளோடு இணைக்க அரசாணைகள் வந்தன. வந்த நேரத்தையும் கவனியுங்கள். 28 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் அதே ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். தன் ஊரை இணைப்பதா வேண்டாமா என்று பேச வேண்டிய நேரத்தில் ஊருக்குத் தலைவரே இல்லை!

ஒரு ஊராட்சி மாநகராட்சிக்குள் போனால் என்னென்ன போகிறது?

முதலில் கிராம சபை. அரசியலமைப்பிலேயே இடம்பெற்ற சபை அது. ஓட்டு உள்ள எல்லோரும் உறுப்பினர். வரவு செலவைக் கேட்கலாம், தீர்மானம் போடலாம். நகரத்தில் 2022-இல் இருந்து "பகுதி சபை" என்று ஒன்று இருக்கிறது, உண்மைதான். ஆனால் உங்க தெருவில் கடைசியாக எப்போது அது கூடியது, யாருக்குச் சொன்னார்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, 100 நாள் வேலை என்று நம் ஜனங்கள் சொல்லும் வேலை உறுதித் திட்டம். அது ஊரகப் பகுதிக்கு மட்டுமானது. வரைபடத்தில் ஒரு கோடு மாறினால் வயலும் வரப்பும் அப்படியேதான் இருக்கும், வேலை அட்டை மட்டும் செல்லாமல் போய்விடும்.

மூன்றாவது, அதிகம் பேசப்படாதது. தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. பட்டியலின மக்களுக்கும் இடஒதுக்கீடு உண்டு. பத்து ஊராட்சியை இணைத்தால் பத்து தலைவர் பதவி போகிறது. கிட்டத்தட்ட ஐந்து பெண்கள் உட்கார வேண்டிய நாற்காலி அது. எத்தனையோ தடைகளைத் தாண்டி அந்த நாற்காலிக்கு வந்தவர்களை, ஒரு அரசாணையில் எழுப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

"அப்படின்னா நீங்க வளர்ச்சிக்கு எதிரியா?" என்று கேட்பார்கள். இல்லை. நகரம் வளரும், அதை யாரும் நிறுத்த முடியாது. வீடுகள் நெருங்கி, விவசாயம் குறைந்து, குப்பையும் கழிவுநீரும் ஊராட்சியின் சக்தியை மீறிய இடங்களில் இணைப்பு தேவைதான். அரசியலமைப்பின் 243-க்யூ பிரிவும் அதைத்தான் சொல்கிறது: மக்கள்தொகை, நெருக்கம், வருவாய், விவசாயம் அல்லாத தொழிலில் எத்தனை பேர் என்பதையெல்லாம் பார்த்து முடிவெடுக்க வேண்டும். பார்த்தார்களா என்பதுதான் நம் கேள்வி. தென்னந்தோப்பும் நெல் வயலுமாக இருக்கும் ஊரையும், அடுக்குமாடி நிறைந்த புறநகரையும் ஒரே பேனாவால் வட்டம் போட்டால் அதற்குப் பெயர் திட்டமிடல் இல்லை.

இன்னொரு எதிர்வாதம் நம்ம ஆளுங்களே சொல்வது. "கவுன்சிலர் அதிகமானா கமிஷன்தான் அதிகமாகும், செலவும் கூடும்." கோபம் புரிகிறது. ஆனால் செலவைக் கணக்குப் போடுவோமே. 2023-இல் அறிவிக்கப்பட்டபடி மாநகராட்சி கவுன்சிலருக்கு மாத மதிப்பூதியம் 10,000 ரூபாய். கோவையில் இன்னும் 30 பேரைக் கூட்டினாலும் வருஷத்துக்கு 36 லட்சம் ரூபாய். பல நூறு கோடி புரளும் ஒரு மாநகராட்சிக்கு இது ஒரு செலவா? கமிஷன் விஷயத்துக்கு வந்தால், 43,000 பேருக்கு ஒருவர் என்று இருக்கும்போதுதான் கவுன்சிலர் குட்டி ராஜாவாகிறார். அவரைத் தேடிப் பிடிக்கவே ஒரு ஆள் வேண்டியிருக்கு. பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்றால் அவர் டீக்கடையில் நம்ம பக்கத்தில்தான் நின்றாக வேண்டும். தப்பு செய்தால் தெருவே கேட்கும்.

பக்கத்து மாநிலங்களைப் பாருங்கள். கேரளத்தில் 2025 தேர்தலுக்கு முன்பு உள்ளாட்சி வார்டுகளைக் கூட்டினார்கள். கிராம ஊராட்சி வார்டுகள் மட்டும் 15,962-இல் இருந்து 17,337 ஆயின. பத்து லட்சத்துக்கும் குறைவான மக்கள் இருக்கும் திருவனந்தபுரத்துக்கு 101 வார்டு. 2011 கணக்குப்படியே 16 லட்சம் பேர் இருக்கும் கோவைக்கு 100! பெங்களூருவில் 198 வார்டுகள் இருந்த ஒரே மாநகராட்சியை 2025-இல் ஐந்தாகப் பிரித்து, 360-க்கும் மேற்பட்ட வார்டுகள் ஆக்கினார்கள். அந்த மாடல் சரியா தவறா என்று தனியாக விவாதிக்கலாம். ஆனால் எண்ணிக்கை ஒன்றும் கல்வெட்டு இல்லை, மாற்ற முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

மும்பையில் 227 பேர்தானே, ஒரு கோடி ஜனத்துக்கு அது போதாதா என்பவர்களுக்கு ஒரே பதில்: அங்கேயும் போதவில்லை என்பதுதான் உண்மை. மோசமான உதாரணத்தைக் காட்டி நம் குறையை நியாயப்படுத்த வேண்டாம்.

இதில் நாம் உஷாராக இருக்க வேண்டிய ஒரு பொறியும் உண்டு. "வார்டு மறுவரையறை நடக்குது, அதனால தேர்தல் தள்ளிப்போகுது" என்ற பழைய பாட்டு. 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்கு நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். ஐந்து வருஷத்துக்கும் மேல் சென்னையிலும் மதுரையிலும் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. மறுவரையறையைக் காரணம் காட்டித் தேர்தலைத் தள்ளக் கூடாது, ஐந்தாண்டு முடியும் முன் தேர்தலை முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006-லேயே கிஷன்சிங் தோமர் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே வார்டைக் கூட்டு என்று நாம் கேட்பது, தேர்தலைத் தள்ளு என்று யாருக்கும் காதில் விழக் கூடாது.

நம் கோரிக்கைகள் இவை:

1. எந்த ஊராட்சியை இணைப்பதானாலும் முதலில் அந்த ஊர் கிராம சபையில் வைக்க வேண்டும். "வேண்டாம்" என்று தீர்மானம் வந்தால் அரசு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும்.

2. எல்லை விரிந்தால் வார்டும் அதே கணக்கில் விரிய வேண்டும். பழைய வார்டைச் சுருக்கிப் புதிய பகுதிக்குக் கொடுக்கும் கண்கட்டு வித்தை கூடாது. மாநகராட்சிகளில் ஒரு வார்டுக்கு 12,000 பேர், சென்னையில் மட்டும் 20,000 பேர் என்று மேல்வரம்பு வேண்டும்.

3. வார்டுக் குழுவும் பகுதி சபையும் தேதி அறிவித்துக் கூட வேண்டும். வரவு செலவு அங்கே வைக்கப்பட வேண்டும்.

4. இணைந்த ஊர்களில் ரோடு, குடிநீர், பாதாளச் சாக்கடை வந்து சேரும் வரை வீட்டு வரியை உயர்த்தக் கூடாது. ஊரக வேலை இழந்தவர்களுக்கு மாற்று வேலை உறுதி வேண்டும்.

5. 2011-க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2027 கணக்கெடுப்பின் எண்கள் வந்ததும் அடுத்த தேர்தலுக்கு முன் வார்டுகளைத் திருத்த வேண்டும். அதுவரை இருக்கிற வார்டிலேயே தேர்தலை உரிய நேரத்தில் நடத்த வேண்டும்.

தோழர்களே, இதைப் படித்து லைக் போட்டுவிட்டுப் போகாதீர்கள். உங்கள் வார்டில் எத்தனை வாக்காளர்கள் என்று வாக்காளர் பட்டியலைப் பார்த்து கமெண்ட்டில் எழுதுங்கள். ஊர் பேரோடு எழுதுங்கள். அடுத்த கிராம சபைக்குப் போங்கள், அம்மா, அக்கா, தங்கைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். "எங்க ஊரை இணைக்கிறதுன்னா எங்களுக்கு எத்தனை கவுன்சிலர்?" என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஊர் பெருசாகட்டும். கூடவே அந்த ஊருக்காகப் பேசுகிற குரலும் பெருசாகட்டும்.

#எல்லைக்கேற்ற_வார்டு
#கிராமசபையைக்_கேள்