தூரக் கணக்கு நடுநிலையானதல்ல

தரம் ஒன்றுக்கான அனுமதிச் சுற்றறிக்கை வெளிவந்தால் பதுளையில் ஆண்டுதோறும் ஒரே பேச்சுத்தான்: "பாடசாலைக்குக் கிட்ட இருக்கிற பிள்ளைக்கு முதலிடம். இதில் யாருக்கு என்ன அநியாயம்? தூரம் ஆள் பார்த்தா அளக்கிறது?" அதிகாரிகள் சொல்கிறார்கள், பழைய மாணவர் சங்கத்தார் சொல்கிறார்கள், தோட்டத்தை விட்டு நகரத்தில் குடியேறிய நம்மவர்களே சொல்கிறார்கள். ஊவாத் தோட்டங்களைப் பொறுத்தவரை இது பச்சைப் பொய்.

விதியைப் பாருங்கள். பிரபல பாடசாலையொன்றின் இடங்களில் 50 வீதம் அண்மையில் வசிப்போருக்கு, 25 வீதம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு, 15 வீதம் ஏற்கெனவே அங்கே படிப்பவர்களின் சகோதரர்களுக்கு. மிச்சம் பத்தும் கல்வித்துறை ஊழியர், இடமாற்றம் பெற்று வந்தோர், வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் என்று பிரிந்துபோகிறது. எட்டாம் வகுப்போடு கொழுந்துக் கூடையைத் தூக்கிய தாய் எந்த நகரப் பாடசாலையின் பழைய மாணவி? முதல் பிள்ளைக்கே இடம் கிடைக்காத வீட்டில் தம்பிக்கு என்ன சகோதர உரிமை? ஆக, மிஞ்சுவது அந்த 50 வீதம்தான்.

அதற்கு வசிப்பிடத்தை நிரூபிக்க வேண்டும்: வாக்காளர் இடாப்பு, காணி உறுதி, மின்சாரப் பட்டியல், தண்ணீர்ப் பட்டியல். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயக் காம்பராவுக்கு ஏது உறுதி? பாட்டன் பிறந்த காம்பராவிலேயே பேரனும் பிறந்திருப்பான். ஆனாலும் அது தோட்டத்தின் சொத்து. அவர்களுக்கு வரும் கடிதம்கூடத் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கே கிடந்து, பிறகுதான் லயத்துக்கு ஏறுகிறது. ஏழு பேர்ச் காணியும் வீடும் கிடைத்த குடும்பங்கள் இன்னும் சிறுபான்மைதான். நகரத்தில் தெரிந்தவர் வீட்டை வாடகைக்கு எழுதி வாங்கி, குடியிருக்காமலே குடியிருப்பதாகக் காட்டுபவருக்கோ எந்தச் சிக்கலும் இல்லை. ஊருக்கே தெரிந்த கதை இது.

உறுதி இருந்தாலும் அடுத்தது வட்டம். வீட்டை மையமாக வைத்து, விண்ணப்பிக்கும் பாடசாலை வரை வரைபடத்தில் வட்டம் போடுகிறார்கள். பிள்ளை சேரக்கூடிய ஆரம்பப் பிரிவுள்ள பாடசாலைகள் அதற்குள் எத்தனை இருக்கின்றனவோ அத்தனைக்கும் புள்ளி வெட்டு. நமுனுகுலைச் சரிவிலோ மடுல்சீமைப் பக்கமோ இருக்கும் தோட்ட டிவிசனில் லயத்தை ஒட்டியே ஒரு தோட்டப் பாடசாலை, அடுத்த தோட்டத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் வெட்டு. அங்கே ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியராவது உண்டா, பாதை மழையில் அறுந்துபோகுமா என்று வட்டம் விசாரிப்பதில்லை.

அந்தப் பாடசாலை லயத்தோரம் வந்த கதையும் நினைவில் இருக்கட்டும். தாய் மலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளை எல்லையைத் தாண்டாமலிருக்க, எழுதப் படிக்க மட்டும் கற்றுக்கொண்டு அடுத்த தலைமுறைக் கூலியாக வளர, துரைமார் காலத்தில் போட்ட கொட்டகை அது. 1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியிலேயே நின்றன. அரசு அவற்றைப் பொறுப்பேற்க 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிள்ளையைத் தோட்டத்துக்குள் நிறுத்திவைக்கக் கட்டிய அதே பாடசாலை இன்று அவனுடைய புள்ளியை வெட்டுகிறது. இதையா நடுநிலை என்கிறீர்கள்?

வழி இப்படி அடைபட்டால் சிபாரிசுக் கடிதக் கலாசாரம்தான் தழைக்கும். 2018 ஜனவரியில், தான் சிபாரிசு செய்த பிள்ளையைச் சேர்க்கவில்லை என்பதற்காகப் பதுளை தமிழ் மகளிர் மகா வித்தியாலய அதிபரை ஊவா முதலமைச்சர் முழந்தாளிட வைத்தார் என்ற குற்றச்சாட்டு நாட்டையே உலுக்கியது. முதலமைச்சர் மறுத்தார், மாகாணக் கல்வி அமைச்சுப் பொறுப்பை மட்டும் விட்டு விலகினார். அந்த அவமானத்தைப் பற்றி எல்லாரும் பேசினோம். ஓர் இடத்துக்கு அரசியல்வாதியின் கடிதம் தேவைப்படும் நிலைமை ஏன் வந்தது என்று பேசினோமா?

"தரம் ஒன்றில் இடம் கிடைக்காவிட்டால் என்ன, கெட்டிக்காரப் பிள்ளையென்றால் தரம் ஐந்துப் புலமைப்பரிசிலில் பாஸாகித் தரம் ஆறுக்கு வரட்டும்" என்பார்கள். பத்து வயதுப் பிள்ளை, தனியார் வகுப்பும் இல்லாமல், ஓர் ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்பைப் பார்க்கும் பாடசாலையிலிருந்து, நகரத்துப் பிள்ளையோடு ஒரே வினாத்தாளில் மோத வேண்டுமாம். பாஸாகாத பிள்ளைக்குத் தரம் ஆறு வேண்டாமா? தோட்டப் பிள்ளைகள் கூடினால் பாடசாலையின் தரம் இறங்கிவிடும் என்று கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அவர்கள் தங்கள் தாத்தா எந்த லயத்தில் பிறந்தார் என்று வீட்டில் கேட்டுக்கொள்ளட்டும்.

ஆயிரம் இடைநிலைப் பாடசாலைகள், அவற்றுக்குப் பிள்ளைகளை அனுப்ப ஐயாயிரம் ஆரம்பப் பாடசாலைகள் என்று ராஜபக்ச ஆட்சியில் ஒரு திட்டம் வந்தது. அந்த இடைநிலைப் பாடசாலைகளில் மஹிந்தோதய ஆய்வுகூடங்கள் எழும்பின. இந்தத் தோட்டத்துப் பிள்ளையை இந்தப் பாடசாலை ஏற்றே ஆகவேண்டும் என்ற கட்டாயம் மட்டும் எழும்பவில்லை. தோட்டப் பாடசாலை மாகாண சபையின் கீழ், தேசிய பாடசாலை மத்திய அமைச்சின் கீழ். இரண்டையும் இணைத்துக் கோடு போடுவது யார் வேலை என்று எவரும் ஏற்கவில்லை.

அந்தக் கோட்டைப் போடுங்கள். தரம் ஐந்தோடோ எட்டோடோ முடியும் ஒவ்வொரு தோட்டப் பாடசாலைக்கும் பதுளையிலோ பசறையிலோ பண்டாரவளையிலோ ஹப்புத்தளையிலோ ஓர் உயர்தரப் பாடசாலையைப் பெயர் சொல்லிக் குறித்துக் கொடுங்கள். லயத்தில் வசிப்போருக்கு உறுதி கேட்பதை நிறுத்துங்கள். வாக்காளர் இடாப்பும் கிராம அலுவலரின் சான்றும் போதும். தோட்டப் பாடசாலைக்காகப் புள்ளி வெட்டுவதை எடுத்துவிடுங்கள். பழைய மாணவருக்கான 25 வீதத்தில் பாதியைத் தோட்டப் பிள்ளைகளுக்குத் திருப்புங்கள். சங்கங்கள் கத்தும், கத்தட்டும். மேட்டு டிவிசன்களுக்குக் காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என்று 'சிசு செரிய' பாடசாலை பஸ்ஸும் அதே நாளில் ஓட வேண்டும். பஸ் இல்லாமல் கொடுக்கும் இடம் காகிதத்தில்தான் இருக்கும்.